நேசமலர் வாயில் வராத பெயர்

நேசமலர் தன் கணவரின் பெயரைச் சொல்லமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. அதில் பயமோ கோபமோ கிடையாது. அவளுடைய தாய் சொன்னதில்லை, மாமி சொன்னதில்லை, இவளும் சொல்லவில்லை, அவ்வளவுதான். 'இங்கே பாருங்கோ' என்பதைச் சுருக்கி 'இஞ்சாருங்கோ' என்று ஒரு சொல் இருக்கும்போது பெயர் எதற்கு? அந்தச் சொல்லை அவள் இழுக்கிற இழுப்பிலேயே சோறு ஆறுகிறதா, மழை வரப்போகிறதா, வீட்டுக்கு வந்திருப்பவர் வேண்டியவரா வேண்டாதவரா என்பதெல்லாம் அவருக்கு விளங்கிவிடும்.

இப்படி வாயில் வராத பெயரைத்தான் ஆஸ்திரேலியா அவளுக்கே கட்டிவிட்டது.

வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் என்பது பரம்பரைச் சொத்து. முப்பாட்டனின் முப்பாட்டன் எங்கேயோ இரும்படித்திருப்பான். இன்றைக்கு வங்கியில் இருக்கிற பேரன் சுத்தியலையே தொட்டிருக்க மாட்டான், ஆனாலும் அவன் ஸ்மித். எங்களுக்கு அப்படியல்ல. பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர், மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் கணவன் பெயர். தலைமுறைக்குத் தலைமுறை ரயிலுக்கு எஞ்சின் மாற்றுவதுபோல் மாற்றிக்கொண்டே போவோம். ஆகவே அவர் யோகராசா இரத்தினசிங்கம். அவள் நேசமலர் யோகராசா. மகன் பிரதீஸ் யோகராசா. பேத்தி வினுஷா பிரதீஸ். ஒருமுறை நால்வரும் ஒன்றாக விமானம் ஏறப் போனபோது, இவர்கள் ஒரே குடும்பம்தான் என்று நம்பவைப்பதற்குள் விமானமே புறப்பட்டுவிட்டது என்பாள் நேசமலர். புறப்படவில்லை. ஆனால் புறப்பட்டிருக்கலாம்.

மின்சாரக் கம்பனிக்காரன் தொலைபேசியில் குடும்பப் பெயர் கேட்டால் அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள். தனித்தனியாகச் சொன்னால் குற்றமில்லை, சேர்த்துச் சொன்னால்தான் குற்றம் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். யோகாசன வகுப்பை 'மூச்சுப் பிடிக்கிற வகுப்பு' என்பாள். ஊரிலுள்ள தாய்மாரெல்லாம் பிள்ளையை 'என்ர ராசா' என்று கொஞ்சியபோது, இவள் தன் மகனை 'என்ர துரை' என்றுதான் கொஞ்சினாள். டொக்டரின் இடத்தில் நர்ஸ் வந்து "மிஸிஸ் யோகராசா!" என்று கூப்பிட்டால், அவர் வந்துவிட்டாராக்கும் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்ப்பாள். கூப்பிட்டது தன்னை என்று பிறகுதான் நினைவு வரும்.

அவருக்கும் அதே கதைதான், ஒரு படி மேலே. அவருடைய தகப்பனார் இரத்தினசிங்கம் கொடிகாமத்தில் ஸ்ரேசன் மாஸ்டர். அவர் பச்சைக்கொடி காட்டாமல் சூரியன் மேற்கே இறங்கியதில்லை என்று சொல்வார்கள்; அதில் கால்வாசியைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள். வீட்டில் அவர் நிற்கும்போது எவரும் கதிரையில் இருக்கக்கூடாது. அவர் சாப்பாட்டுக்கு வந்து குந்தும்வரை எவரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. பிள்ளைகள் அவரை ஐயா என்பார்கள், அதுவும் மெதுவாக.

அந்த மனிதரின் மகன் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, டண்டினோங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கிருந்தவர்கள் குடும்பப் பெயரை ஒடித்து அவரை 'ரத்னா' ஆக்கிவிட்டார்கள். "ரத்னா, பெட்டியைத் தூக்கு!" "ரத்னா, தேத்தண்ணி போடு!" வீட்டுக்கு வந்து யோகராசா வயிறு குலுங்கச் சிரிப்பார்.

"ஐயா ஒரு நாளும் ஒரு பெட்டி தூக்கினதில்லையப்பா. இஞ்ச நாள் முழுக்கத் தூக்கிறார்."

"மெல்லக் கதையுங்கோ. கேட்டிடப் போறார்," என்பாள் நேசமலர். ஐயா இறந்து அப்போதே பல வருடங்கள்.

அப்படிச் சிரித்த மனிதருக்குத்தான் நினைவு கழலத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, எப்போதோ மூடிவிட்ட தொழிற்சாலையின் வாசலில் போய் நின்றார். அங்கே இப்போது மெத்தைக் கடை. கடைக்காரப் பெண் நல்லவள். அவரை ஒரு மெத்தையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணினாள். பிறகு அடுப்பை மறந்தார், செருப்பை மறந்தார், மகனுடைய முகத்தை ஒருநாள் மறந்து மறுநாள் கண்டுபிடித்தார். நேசமலரின் 'இஞ்சாருங்கோ'வை மட்டும் மறக்கவில்லை. எந்த அறையில் என்ன யோசனையில் நின்றாலும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, "என்னப்பா?" என்று வந்துவிடுவார்.

மகன் பிரதீஸ் சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கிறான். அங்கிருந்து போன் பண்ணினான்.

"அம்மா, உங்களுக்கு முழங்காலும் ஏலாது. அப்பாவை ஒரு ஹோமில விடுவம். சேஃப்டியா இருக்கும்."

"அவருக்கு இஞ்ச என்ன சேஃப்டி குறைஞ்சு போச்சு?"

"போன கிழமை ரோட்டில நிண்டவரெல்லே?"

"நானும்தான் ரோட்டில நிண்டனான், அவரைத் தேடி. என்னையும் ஹோமில விடன்!"

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். வீட்டுக்குக் கிட்ட, முதியவர்களைப் பகலில் மட்டும் பார்த்துக்கொள்கிற நிலையம் ஒன்று இருந்தது. சின்ன பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பின்னேரம் கொண்டுவந்து விடும். அவர் அங்கே ஒத்துப்போனால் நேசமலர் அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயரலாம், அவரும் வீட்டிலேயே இருக்கலாம். ஒத்துப்போகாவிட்டால், பூட்டுப் போட்ட ஹோம்தான். நாற்பத்தெட்டு வருடம் ஒரே பாயிலும் பிறகு ஒரே கட்டிலிலும் படுத்தவர்கள் வேறு வேறு கூரையின் கீழ் படுக்கவேண்டும்.

நிலையத்துக்குப் பொறுப்பான பெண் கரன் ஃபிளெச்சர். முன்னோர் அம்பு செய்தவர்களாம், பெயர் சொல்கிறது; ஆனால் இவள் பஞ்சு. வேறு தேசங்களிலிருந்து வந்த முதியவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதையில்லை என்று எங்கேயோ படித்து, மிஸ்டரும் குடும்பப் பெயரும் சேர்த்தே கூப்பிடவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். நல்ல மனதோடு செய்த காரியம். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் நாளே யோகராசா சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மேசையருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இருத்தப் பார்த்தால் திமிறுகிறார், வாசலைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போகப் பார்க்கிறார் என்று கரன் வருத்தத்தோடு சொன்னாள். இப்படியே போனால் தங்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போய்விடும் என்றும் சொன்னாள்.

நேசமலருக்குப் புரியவில்லை. வீட்டில் அவர் கோப்பையைத் துடைத்து வைக்கிற மனிதர். சாப்பாட்டில்தான் பிழையென்று நினைத்து விடியவே எழும்பி இடியப்பமும் சொதியும் சம்பலும் கட்டிக்கொடுத்தாள். கட்டு அவிழாமலே திரும்பி வந்தது. கண்ணூறாக இருக்குமோ என்று த பேசின் என்கிற ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பிள்ளையார் தேங்காயை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அதற்குப் பிறகுதான், ஒரு நாள் அவரோடு கூடவே பஸ்ஸில் ஏறிப்போய் ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

சாப்பாட்டு வேளை. பரிமாறுகிறவள் அல்மாஸ் என்ற எத்தியோப்பியப் பெண். நாற்பது வயதிருக்கும், நெற்றியை மூடித் தலைத்துணி. அவள் அன்போடு அழைத்தாள்: "மிஸ்டர் இரத்தினசிங்கம்! வாருங்கள், இருங்கள்!"

யோகராசா சட்டென்று எழும்பினார். தோளில் இல்லாத துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"மிஸ்டர் இரத்தினசிங்கம், சாப்பாடு ஆறுகிறது!"

"ஐயா இன்னும் வரேல்லை," என்றார் யோகராசா தமிழில், மிகவும் மெதுவாக. அல்மாஸ் அவரது தோளைப் பிடித்து இருத்தப் பார்த்தாள். அவர் நடுங்கிப் போனார். "ஐயா வராமல் இருக்கேலாது, பிள்ளை. அடி விழும்."

நேசமலர் மூலையிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு முதலில் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு மற்றது வந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும், அத்தனை பேரும் அவருடைய ஐயாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவருக்குள்ளிருந்த அந்தச் சின்னப் பிள்ளை பசியோடு எழுந்து நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அல்மாஸைக் குசினிப் பக்கம் இழுத்துப் போய், தன்னுடைய இங்கிலீசில் சொன்னாள். "இரத்தினசிங்கம் இவரில்லை. தகப்பன். செத்துப்போனார். இங்கே எல்லாரும் செத்த மனிதரைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள்."

வேறு யாராக இருந்தாலும் விளக்க அரை நாள் பிடித்திருக்கும். அல்மாஸ் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என் பெயர் அல்மாஸ் டெஸ்ஃபாயே. டெஸ்ஃபாயே என் அப்பா! எங்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது அம்மா. பெயர், பக்கத்தில் அப்பாவின் பெயர், முடிந்தது. எனக்குப் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் 'டெஸ்ஃபாயே, முக்கு, முக்கு' என்று சொன்னார்கள். என் அப்பா மாடு மேய்த்த மனிதர். அந்த வலியிலும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது."

இரண்டு பேரும் குசினியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டெஸ்ஃபாயே என்றால் 'என் நம்பிக்கை', அல்மாஸ் என்றால் வைரம் என்று அவள் சொன்னாள். மாமனாரின் பெயரிலும் ஒரு இரத்தினமும் ஒரு சிங்கமும் இருக்கின்றன என்று நேசமலர் சொன்னாள். "அப்படியானால் நாங்கள் ஒரே நகைக்கடை," என்றாள் அல்மாஸ். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சரி, இவருடைய பெயர் என்ன?"

நேசமலர் கூரையைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள்.

"நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

அதற்குப் பதில் இருந்தது. "இஞ்சாருங்கோ."

அல்மாஸ் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நேரே அவர் முன்னால் போய் நின்று சொன்னாள்: "இஞ்சாருங்கோ!"

யோகராசா திரும்பினார். முகம் மலர்ந்தது. "என்னப்பா?" என்று வந்து இருந்து இடியப்பத்தைப் பிட்டுச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டார். மூலையிலிருந்த நேசமலர் மூக்கைச் சிந்தினாள். அன்றைக்கு வீடு திரும்பும்போது த பேசின் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

மறு கிழமை அவள் பார்க்கப் போனபோது நிலையம் முழுவதும் 'இஞ்சாருங்கோ'தான். பஸ் ஓட்டுகிற தாடிக்காரன், "குட் மோர்னிங், இஞ்சாருங்கோ!" கரன் ஃபிளெச்சர், "பிங்கோ விளையாட வருகிறீர்களா, இஞ்சாருங்கோ?" இத்தாலிக்காரக் கிழவி ஒருத்தி, கொன்செற்றா என்று பெயர், உதட்டுக்குச் சாயம் பூசி அவருக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடுவதுபோல இழுத்தாள்: "இஞ்சாருங்கோ-ஓ!" அவர் எல்லாருக்கும் "என்னப்பா? என்னப்பா?" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதருக்கு ஒரே கட்டடத்தில் இத்தனை மனைவிமார் எந்தப் புராணத்திலும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

"அக்கா, எனக்கு எரிச்சலில்லை," என்றாள் நேசமலர், பிறகு இந்தக் கதையை என்னிடம் சொன்னபோது. எரிச்சல்தான். ஆனால் அதைவிடப் பெரியதொன்று அன்று பின்னேரம் வீட்டில் நடந்தது. அவள் குசினியிலிருந்து "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள். சத்தமில்லை. மீண்டும் கூப்பிட்டாள். அவர் முன் அறையில் கதிரையில் இருந்தபடி, எங்கோ பார்த்து, ஓர் அலுப்போடு தலையை மட்டும் ஆட்டினார். கூப்பிட்டது யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வேண்டுமானாலும் கூப்பிடுகிற சொல்லுக்கு அவர் ஏன் திரும்பவேண்டும்?

நேசமலர் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஹோமுக்கு அனுப்பாமலே அவரைப் பறிகொடுக்கலாம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த முறை பஸ் வந்தபோது அவளும் ஏறினாள். போனதும் அல்மாஸைப் பிடித்தாள்.

"அந்தச் சொல்லை விடுங்கள். அது நீங்கள் சொல்கிற சொல் இல்லை. மனைவி சொல்கிறது."

அல்மாஸ் கன்னத்தில் கை வைத்தாள். "கடவுளே! ஆண்கள்கூடச் சொன்னார்களே!"

"ஓம். தாடிக்காரனும்."

"அப்படியானால் பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம். பெயர் எழுதியிருக்கிறது, நான் பார்த்தேன்." சாப்பாட்டு வேளையில் அல்மாஸ் அவரிடம் போய் அந்தப் பெயரைத் தன் நாக்குக்கு வந்தபடி சொன்னாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தபடி நின்றார். மறுபடியும் சொன்னாள். அவர் அசையவில்லை. "எனக்கு அவருடைய காதுக்குப் பழக்கமான சத்தம் தெரியாது அம்மா. நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். கேட்டுப் பிடித்துக்கொள்கிறேன்."

"என்னால் ஏலாது."

"ஏன்? சொன்னால் என்ன நடக்கும்?"

என்ன நடக்கும் என்று அவளுடைய தாயும் சொல்லித் தரவில்லை, மாமியும் சொல்லித் தரவில்லை. சொல்லிப் பார்த்தவர்கள் எவரையும் அவளுக்குத் தெரியாது. இரண்டு வாசல்கள்தான் இருந்தன: தன்னுடைய சொல்லை ஊருக்குக் கொடுப்பது, அல்லது ஊர் சொல்கிற பெயரைத் தன் வாயில் எடுப்பது.

அவள் அவருக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கொன்செற்றாக் கிழவிகூடத் தன் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"யோகராசா," என்றாள் நேசமலர்.

சின்னச் சத்தம்தான். இடி விழவில்லை, கூரை விழவில்லை. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்ட பெண் ஒருத்திதான்.

"அம்மா," என்றார். "ஐயா சாப்பிட்டிட்டாரோ?"

பெயரைச் சொன்னதற்கு இதுதான் விலை என்று நேசமலருக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற அல்மாஸ் மொழி தெரியாமலே அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் ராசா," என்றாள் நேசமலர். "ஐயா வேளைக்கே சாப்பிட்டிட்டு ஸ்ரேசனுக்குப் போயிட்டார். நீ இருந்து சாப்பிடு."

"கோவமோ?"

"ஒரு கோவமுமில்லை. நல்லாச் சாப்பிடச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். கதிரையில் இருந்தார். சோற்றைக் குழைத்து, ஒரு பிடியை வாயில் வைத்து, நிம்மதியாக மென்றார். அல்மாஸ் அந்தப் பெயரை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், நேசமலரின் இழுப்போடும் நடுக்கத்தோடும். இன்னொரு தடவை சோறு வேண்டுமா என்று அவள் பெயர் சொல்லிக் கேட்டபோது, அவர் தட்டை நீட்டினார்.

நேசமலர் சொன்னது பாதி, அல்மாஸ் சொன்னது பாதி, மீதிப் பாதி என்னுடையது. ஆனால் அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் நடந்ததில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. கூட்டத் தேவையும் இல்லை.

திரும்பி வரும்போது நேசமலர் ஜன்னல் பக்கம் இருந்தாள். வெளியே மலை நீலமாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் தன்னை இனி யாராக நினைப்பாரோ என்று யோசித்துக்கொண்டே வந்தாள். பாதி வழி வந்ததும் பயந்து பயந்து, வந்தும் வராத சத்தத்தில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

"என்னப்பா?" என்று திரும்பினார் யோகராசா. பழைய திரும்பல், முழு முகத்தோடு. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உமக்கு ஒண்டு சொல்லவேணும். நீர் கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்கோவன்."

"அங்க ஒரு மனிசி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ."

"ஓ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. சாப்பிட்டனான், அவ்வளவுதான்."

நேசமலர் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டாள்.

"ஆள் வடிவோ?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வடிவுதான்," என்றார். "எண்டாலும் உம்மளவுக்கு வராது."